ஆயுதக் கிளர்ச்சியை ஆதரிக்கும் அரசியல்வாதிக்குச் சட்டத்தில் என்ன நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். பாப்பாரப்பட்டி, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் சட்ட விழிப்புணர்வு முகாம்களுக்குப் போவதுண்டு. பட்டா, ஜீவனாம்சம், காசோலை வழக்கு எல்லாம் கேட்டு முடித்து டீ குடிக்கும்போதுதான் யாராவது அரசியல் பேச்சை எடுப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வக்கீலம்மா, "கிளர்ச்சி" என்று சட்டத்தில் ஒரு குற்றம் இருக்கிறதா?

அந்தப் பெயரில் தனிக் குற்றம் இல்லை. நம் ஊரில் சாலை மறியலைக்கூடக் கிளர்ச்சி என்றுதான் நோட்டீஸில் அச்சடிக்கிறோம். அதற்கும் சட்டம் சொல்வதற்கும் வெகு தூரம்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 147 முதல் 152 வரையான பிரிவுகளைப் பார்க்க வேண்டும். அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது, அதற்கு முயல்வது, உடந்தையாக இருப்பது மூன்றும் 147-ல் வரும். தண்டனை தூக்கு அல்லது ஆயுள். அதற்குச் சதி செய்தால் 148. ஆயுள் அல்லது பத்தாண்டு வரை. ஆயுதம் சேர்த்தால் 149. திட்டம் தெரிந்தும் அது நிறைவேற வேண்டும் என்று மறைத்தால் 150. பேச்சாலோ எழுத்தாலோ பிரிவினையையோ ஆயுதக் கிளர்ச்சியையோ தூண்டினால் 152. ஆயுள் அல்லது ஏழாண்டு வரை. அரசியல்வாதிகள் பெரும்பாலும் மாட்டுவது இந்தக் கடைசிப் பிரிவில்தான், ஏனென்றால் அவர்களுடைய தொழிலே பேச்சு.

இவற்றோடு "உபா" என்று செய்தித்தாளில் வரும் 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமும் சேரும்.

ராஜத்துரோகப் பிரிவை எடுத்துவிட்டார்கள் என்றார்களே?

பழைய 124-ஏ பிரிவை 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. புதிய சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் அந்த இடத்தில் 152 வந்து உட்கார்ந்திருக்கிறது. "அரசாங்கத்தின் மீது வெறுப்பு" என்ற பழைய சொல் போய், நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு என்று வந்திருக்கிறது. அரசின் நடவடிக்கையைச் சட்டப்படி மாற்றச் சொல்லி, யாரையும் தூண்டிவிடாமல் விமர்சிப்பது இதில் வராது என்று விளக்கமும் இருக்கிறது. அதே சமயம் தண்டனை கூடியிருக்கிறது. பழையதில் ஆயுளுக்கு அடுத்து மூன்றாண்டு, இப்போது ஏழு.

மேடையில் ஆதரித்துப் பேசினாலே உள்ளே போட முடியுமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. எவ்வளவு கடுமையான பேச்சாக இருந்தாலும், வன்முறையைத் தூண்டும் நோக்கமோ பொது ஒழுங்கைக் குலைக்கும் போக்கோ இருந்தால்தான் ராஜத்துரோகம். 1995-ல் பல்வந்த் சிங் வழக்கில் அந்தக் கோடு இன்னும் தெளிவானது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று சண்டிகரில் ஒரு தியேட்டர் வாசலில் நின்று காலிஸ்தான் வாழ்க என்று சிலர் கத்தினார்கள். கேட்டவர்கள் எவரும் அசையவில்லை. இரண்டொரு முறை கோஷம் போட்டது மட்டும் ராஜத்துரோகம் ஆகாது என்று விடுதலை செய்தது நீதிமன்றம்.

நம் மாநிலத்தில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் வைகோ. 2002 ஜூன் கடைசியில் திருமங்கலம் கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலையில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைது. அப்போது அவர் சிவகாசி எம்.பி. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மத்தியக் கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது. ஏறத்தாழ 19 மாதம் வேலூர்ச் சிறையில் கழித்தார். அவர் உள்ளே இருந்தபோதே, 2003 டிசம்பரில், பொடாவை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தடைசெய்யப்பட்ட இயக்கத்துக்குத் தார்மீக ஆதரவு தெரிவிப்பது மட்டும் குற்றமில்லை, அதன் பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கம் வேண்டும். இந்த ஒரு வரி சட்டத்துக்குக் கிடைப்பதற்குள் ஒரு எம்.பி. ஒன்றரை வருடம் சிறையில் இருந்துவிட்டார். பின்னால் 2004-ல் பொடாவே ரத்தானது.

இப்போது அந்த வேலையைச் செய்வது உபாவின் 39-ஆம் பிரிவு. பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு திரட்டினால், அதன் செயலுக்குத் துணையாகக் கூட்டம் போட்டால், அந்தக் கூட்டத்தில் பேசினால், பத்தாண்டு வரை. இங்கேயும் அந்த நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். ஆனால் உறுப்பினராக இருப்பது வேறு விஷயம். தடைசெய்யப்பட்ட அமைப்பில் சும்மா உறுப்பினராக இருந்தாலும் குற்றம்தான் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மாற்றிச் சொல்லிவிட்டது.

ஆதரித்தவனுக்கும் செய்தவனுக்கும் ஒரே தண்டனையா?

பாப்பாரப்பட்டியில் இதைக் கேட்ட பெரியவரிடம், பதில் உங்கள் ஊர் மண்ணிலேயே இருக்கிறது ஐயா என்றேன். சுப்பிரமணிய சிவா நினைவிடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் விதித்தார். வ.உ.சி.க்கு அதே தீர்ப்பில் இரண்டு ஆயுள் தண்டனை: ராஜத்துரோகப் பேச்சுக்கு ஒரு இருபதாண்டு, சிவாவுக்கு ஆதரவும் இடமும் கொடுத்து உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு இருபதாண்டு. பேசியவருக்குப் பத்து, அவரை ஆதரித்தவருக்கு அதற்காக மட்டுமே இருபது! மேல்முறையீட்டில் குறைந்தது என்பது உண்மைதான். ஆனாலும் "ஆதரவு" என்ற சொல்லை அரசு எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியாது. சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வந்த சிவா, ரயிலில் ஏறத் தடை விதிக்கப்பட்டதால் ஊர் ஊராக நடந்து, கடைசியில் 1925 ஜூலை 23-ல் பாப்பாரப்பட்டியில் கண்மூடினார்.

இன்றைய சட்டத்தில் போர் தொடுப்பவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் 147-ல் ஒரே தண்டனைதான். ஆனால் உடந்தை என்பது செயலோடு ஒட்டியிருக்க வேண்டும். அனுதாபம் உடந்தை ஆகாது. எந்த ஆட்சி வந்தாலும் இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று நினைப்பவள் நான்.

கைதானவுடன் எம்.எல்.ஏ., எம்.பி. பதவி போய்விடுமா?

போகாது. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனாலும் போகாது. சிறையில் இருந்தபடி தேர்தலிலும் நிற்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் உபா வழக்கில் திகார் சிறையில் இருந்த இன்ஜினியர் ரஷீத் காஷ்மீரின் பாரமுல்லாவில் ஜெயித்தார். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுப்புக் காவலாக அசாமின் திப்ருகர் சிறையில் இருந்த அம்ரித்பால் சிங் பஞ்சாபின் கதூர் சாஹிபில் ஜெயித்தார். இருவரையும் 2024 ஜூலை 5 அன்று காவலோடு டெல்லிக்குக் கூட்டிவந்து பதவிப்பிரமாணம் செய்துவைத்தார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. விசாரணைக் கைதியாகச் சிறையில் இருப்பவர் தேர்தலில் நிற்கலாம், ஓட்டுப் போட முடியாது. தடுப்புக் காவலில் இருப்பவர் இரண்டும் செய்யலாம்.

அமைச்சர்கள் 30 நாள் தொடர்ந்து காவலில் இருந்தால் பதவி பறிபோகும் என்று 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. அது கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதுவும் அமைச்சர் பதவியைப் பற்றியதே தவிர உறுப்பினர் பதவியைப் பற்றியதல்ல.

அப்படியென்றால் எப்போதுதான் போகும்?

தண்டனை அறிவித்த அன்றைக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8-ஆம் பிரிவு: எந்தக் குற்றமாக இருந்தாலும் இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் தகுதி போய்விடும். சிறைக்காலம் முழுவதும், வெளியே வந்தபின் ஆறு வருடமும் நிற்க முடியாது. சில குற்றங்களுக்குத் தண்டனையின் அளவே பார்ப்பதில்லை, அபராதம் மட்டும் விதித்தாலும் ஆறு வருடம். சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவது, சட்டவிரோத அமைப்பில் உறுப்பினராக இருப்பது, தேசியக் கொடியையோ அரசமைப்புச் சட்டத்தையோ அவமதிப்பது ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு.

முன்பு மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் நீடிக்கலாம். 2013 ஜூலை 10-ல் லில்லி தாமஸ் வழக்கில் அந்த வசதி போயிற்று.

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1998-ல் பாகலூரில் கள்ளச்சாராயத்துக்கு எதிரான போராட்டத்தில் பேருந்துகள் மீது கல் வீசிய வழக்கில், 2019 ஜனவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சருக்கு மூன்றாண்டு விதித்தது. அவர் ஓசூர் எம்.எல்.ஏ. அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார், தொகுதி காலி என்று அறிவிக்கப்பட்டு இடைத்தேர்தலும் வந்தது. வழக்கு பின்னால் மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு. நான் சொல்ல வருவது அந்த ஜனவரியில் நடந்ததை மட்டும்: இருபது வருடத்துக்கு முந்தைய கல்வீச்சு வழக்கில் தீர்ப்பு வந்தது, பதவி போனது. நாட்டுக்கு எதிரான சதி என்று குற்றம்சாட்டப்பட்டவர் வழக்கு முடியாததால் எம்.பி. ஆகிறார். நம் தகுதி நீக்கச் சட்டம் குற்றம் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதில்லை. வழக்கு முடிந்ததா என்றுதான் பார்க்கிறது. முகாமுக்கு வருபவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். அரசியல்வாதிகளின் வழக்குகள் ஏன் இழுக்கின்றன என்று கேட்க ஆரம்பிக்க வேண்டும்.

ராஜத்துரோக வழக்கில் தண்டனை வந்தும் வைகோ 2019-ல் எம்.பி. ஆனாரே?

2009-ல் சென்னையில் பேசிய பேச்சுக்காக 2019 ஜூலை 5-ல் ஓராண்டுச் சிறையும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. இரண்டாண்டுக்குக் குறைவு. 124-ஏ பிரிவோ "அளவு பார்க்காத" பட்டியலில் இல்லை. அதனால் மாநிலங்களவைக்கு அவர் கொடுத்த வேட்புமனு ஏற்கப்பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று தி.மு.க. மாற்றாக என்.ஆர். இளங்கோவை மனுத்தாக்கல் செய்ய வைத்திருந்தது, தேவைப்படவில்லை.

உறுதிமொழியை மீறினால் தனித் தண்டனை உண்டா?

இந்த உறுதிமொழிக்கே தமிழ்நாட்டு வரலாறு இருக்கிறது. திராவிட நாடு கோரிக்கையை மனத்தில் வைத்துத்தான் 1963-ல் அரசமைப்பின் 16-ஆவது திருத்தம் வந்தது. அதன்பின் வேட்பாளராக நிற்பதற்கே இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்று உறுதி சொல்ல வேண்டும். அண்ணா கோரிக்கையைக் கைவிட்டார். துப்பாக்கி தூக்காத ஒரு பிரிவினைக் கோரிக்கையைச் சிறைக்கு வேலையில்லாமல் ஒரு உறுதிமொழியால் முடித்துவைத்தார்கள்.

மீறினால் என்ன என்று சட்டத்தில் தனிப் பிரிவு எழுதப்படவில்லை. ஆனால் 1986-ல் நடந்தது நினைவிருக்கும். இந்தித் திணிப்பை எதிர்த்து அரசமைப்பின் மொழிப் பகுதியின் நகலை எரித்த தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் பத்துப் பேரை, க. அன்பழகன் உட்பட, எடுத்த உறுதிமொழியை மீறிவிட்டார்கள் என்று சொல்லிச் சட்டமன்றம் வெளியேற்றியது. ஒரு காகிதத்தை எரித்த போராட்டத்துக்கு அது மிகக் கடுமையான நடவடிக்கை என்பது என் கருத்து. பெரும்பான்மை உள்ள கட்சியின் கையில் உறுதிமொழியை ஆயுதமாகக் கொடுத்தால் அது யார்மீதும் திரும்பும்.

2000-த்தில் இலக்கியம்பட்டியில் பஸ்ஸை எரித்தார்களே, அது எந்தக் கணக்கில் வரும்?

இந்தக் கேள்வி வராத முகாமே இல்லை. அந்த இடத்தை இன்றைக்கும் பஸ்ஸில் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவேன்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவித்த நாள். கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பேருந்துக்கு ஆளுங்கட்சியாக இருந்து இறங்கிய கட்சியின் ஆட்கள் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் வெந்து இறந்தார்கள். 2007-ல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, 2016-ல் சீராய்வில் அதே நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி விடுதலையும் ஆனார்கள்.

சட்டப்படி அது கொலை. அரசைக் கவிழ்க்கும் நோக்கமோ ஆயுதப் படையோ இல்லாததால் "போர் தொடுத்தல்" ஆகாது. ஒரு நீதிமன்றத் தீர்ப்பை வன்முறையால் எதிர்த்தார்களே, அது கிளர்ச்சிக்குச் சமம்தானே என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். அவள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கொலைக்குக் கொலைச் சட்டமே போதும். அங்கே போதாமல் போனது வேறு: தண்டனை தீ வைத்த கைகளோடு நின்றுவிட்டது. தலைவருக்காக எரிப்பது விசுவாசம் என்று தொண்டனுக்குச் சொல்லிக்கொடுத்த அரசியலை எந்தப் பிரிவும் தொடவில்லை.

நக்சல் காலத்தில் நம் மாவட்டத்தில் அரசியல்வாதிகள் மீது வழக்கு வந்ததா?

1980-ல் தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகளில் போலீஸ் வேட்டை நடந்ததும், நாயக்கன்கொட்டாயில் நக்சல் இயக்கத்தைச் சேர்ந்த அப்பு, பாலன் நினைவிடம் இருப்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2002 நவம்பரில் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குப்பின் பலர் பொடாவில் கைதானார்கள். அதில் பெண்களும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். அன்றைக்குப் பொடாவில் அடைபட்ட எம்.பி.யைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேச்சு நடந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு ஜாமீன் கேட்க வீட்டார் கடன் வாங்கினார்கள். இதைச் சொல்லாமல் மேலே போக என்னால் முடியாது.

இன்றும் உபாவில் ஜாமீன் மிகவும் கடினம். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நீதிபதிக்குத் தோன்றினாலே மறுக்கலாம். குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம். ஒரே ஒரு பாதுகாப்பு, நாட்டுக்கு எதிரான குற்றங்களில் வழக்கை நீதிமன்றம் ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கொடுப்பதும் மறுப்பதும் ஆட்சியில் இருப்பவர்கள்தான் என்பதால், தங்கள் ஆளுக்கு ஒன்றும் எதிராளிக்கு ஒன்றுமாக நடக்கும் அபாயம் எப்போதும் உண்டு.

கட்சியையே ரத்து செய்ய முடியுமா?

தேர்தல் ஆணையம் நினைத்தால் முடியாது. மோசடியாகப் பதிவு பெற்றிருந்தால், அரசமைப்புக்கு விசுவாசம் என்ற விதியைக் கட்சி தன் சட்டத்திலிருந்து நீக்கினால், உபாவில் அரசு அந்தக் கட்சியைச் சட்டவிரோதம் என்று அறிவித்தால், அல்லது இவற்றை ஒத்த சூழல் இருந்தால்தான் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சட்டமன்றத்துக்குள் பேசினால்?

அவைக்குள் பேசியதற்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அரசமைப்பின் 105, 194 கொடுக்கும் பாதுகாப்பு. அவை தானே நடவடிக்கை எடுக்கலாம். அதே பேச்சை வெளியே வந்து மைக் முன்னால் சொன்னால் பாதுகாப்பு இல்லை.

அமெரிக்காவில் டிரம்பை நிற்கவிடாமல் தடுக்கப் பார்த்தார்களே, அது எப்படி?

அங்கே உள்நாட்டுப் போருக்குப் பின், 1868-ல் சேர்த்த 14-ஆவது திருத்தத்தின் மூன்றாம் பிரிவு இருக்கிறது. அரசமைப்பைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்துவிட்டுக் கிளர்ச்சியில் ஈடுபட்டவரோ கிளர்ச்சிக்காரருக்கு உதவியவரோ மறுபடி பதவிக்கு வரக்கூடாது. தண்டனை வேண்டும் என்றுகூட அதில் எழுதவில்லை. 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின், நியூ மெக்சிகோவில் கூய் கிரிஃபின் என்ற மாவட்ட ஆணையரை 2022-ல் நீதிமன்றம் பதவியிலிருந்து நீக்கியது. நம் ஊர்க் கணக்கில் மாவட்டக் கவுன்சிலர் மாதிரி. டிரம்ப்பைக் கொலராடோ மாநிலம் வேட்பாளர் பட்டியலிலிருந்து நீக்கியபோது, கூட்டாட்சிப் பதவிக்கு நிற்பவரை மாநிலங்கள் தடுக்க முடியாது, நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும் என்று 2024 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரி 20-ல் மறுபடி பதவியேற்ற அன்றே, தாக்குதல் வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு அவர் மன்னிப்பு வழங்கினார்.

பிரேசிலில் நடந்தது நேர் எதிர். முன்னாள் அதிபர் பொல்சனாரோவை 2023-ல் தேர்தல் நீதிமன்றம் 2030 வரை நிற்கத் தடை செய்தது. 2025 செப்டம்பரில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்காக 27 ஆண்டு 3 மாதம் தண்டனை கிடைத்தது. தென்கொரியாவில் ராணுவச் சட்டம் அறிவித்த அதிபர் யூன் சுக் யோலை 2025 ஏப்ரல் 4-ல் அரசமைப்பு நீதிமன்றம் பதவி நீக்கியது.

ஆயுதம் எடுத்தவரே முதலமைச்சர் ஆன கதை நம் நாட்டில் உண்டா?

உண்டு. 1966-ல் மிசோரமில் லால்டெங்காவின் மிசோ தேசிய முன்னணி தனிநாடு அறிவித்து ஆயுதம் எடுத்தது. இருபது வருடம் ரத்தம். 1986 ஜூன் 30-ல் ஒப்பந்தம். அதே ஆண்டு லால்டெங்கா முதலமைச்சர். அவரோடு காட்டில் இருந்த ஜோரம்தங்கா பின்னால் பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். தூக்குத் தண்டனைக்குரிய குற்றம் அமைதி ஒப்பந்தத்தால் கரைந்தது. எனக்கு இதில் வருத்தம் இல்லை, அந்த மக்களுக்கு அமைதி கிடைத்தது.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் அப்படிப் பேசினால்?

குற்றவியல் சட்டம் அவருக்கும் அதேதான். பதவி விஷயத்தில் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பொருந்தும். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் 205-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நீக்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மேடைப் பேச்சு ஒன்றே அதற்குக் காரணம் ஆகாது.

சாதாரண வாக்காளர் நான் என்ன செய்ய முடியும்?

வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26-ஐப் படியுங்கள். எந்த வழக்கு, எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம் என்று அதில் எழுதியாக வேண்டும். தேர்தல் ஆணைய இணையதளத்திலும் செயலியிலும் கிடைக்கும். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். தண்டனை பெற்றவர் என்று தெரிந்தால், தீர்ப்பு நகலோடு மனுப் பரிசீலனை நாளில் தேர்தல் அதிகாரியின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். உள்ளே போய் ஆட்சேபிக்கும் உரிமை போட்டி வேட்பாளருக்கும் அவர் முகவருக்கும் இருக்கிறது, அவர்கள் வழியாகச் சொல்லுங்கள். அங்கே தவறவிட்டால், முடிவு வந்து 45 நாளுக்குள் அந்தத் தொகுதி வாக்காளர் எவரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். 46-ஆவது நாள் போனால் எடுக்கமாட்டார்கள்.